அம்மாவின் அறையில் மட்டும் குளிர்

கொரியாக்காரர்கள் வீட்டில் சோபா எதற்கு இருக்கிறது தெரியுமா? முதுகு சாய்த்துக்கொள்ள. உட்காருவதென்னவோ தரையில்தான். கடன் வாங்கி லெதர் சோபா வாங்கிப் போட்டுவிட்டு, அதன் காலடியில் சம்மணம் போட்டு டி.வி. பார்ப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்ம ஊர்த் திண்ணை ஞாபகம் வந்தது. உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தரை சூடாக இருக்கிறது!

ஒண்டோல் என்று பெயர். அந்தக் காலத்தில் சமையலறை அடுப்பில் எரியும் விறகின் புகையை நேராக வெளியே விடாமல், பக்கத்து அறையின் தரைக்கு அடியில் கல் பாவிய கால்வாய்கள் வழியாகச் சுற்றிவிட்டு, அந்தக் கோடியில் புகைபோக்கி வைத்தார்கள். ஒரே விறகில் சோறும் வேகும், வீடும் காயும். இப்போது புகைக்குப் பதில் வெந்நீர். கேஸ் பாய்லர் ஒன்று தண்ணீரைச் சூடாக்கி அனுப்ப, தரைக்குள் சிமென்ட் கலவையில் புதைத்த பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக அது வளைந்து வளைந்து ஓடி, ஆறிப்போய் பாய்லருக்கே திரும்பி வருகிறது. மறுபடி சூடாகி மறுபடி போகிறது. அவ்வளவுதான் சமாசாரம்.

அமெரிக்கக் கட்டடக்கலை மேதை ஃப்ராங்க் லாயிட் ரைட், டோக்கியோவில் ஒரு பிரபு வீட்டு விருந்தில் குளிரில் நடுங்கிவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் 'கொரிய அறை' ஒன்றுக்கு அழைத்துப் போகப்பட்டார். அடுப்பு இல்லை, கணப்பு இல்லை. ஆனால் இதமாக இருக்கிறது. ஆள் அங்கேயே விழுந்துவிட்டார். 1937-ல் விஸ்கான்சினில் அவர் கட்டிக்கொடுத்த ஜேக்கப்ஸ் வீட்டுக்குத் தரைக்கு அடியில்தான் சூடு.

ரைட்டுக்கு அந்த அறை வேலை செய்தது. எனக்கு வேலை செய்யவில்லை. அந்தக் கதைதான் இந்த வாரம்.

2018 டிசம்பர் கடைசி. கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு சுவோன் நகரத்தில் குடிவைத்திருந்தது. சியோலுக்குத் தெற்கே ஒரு மணி நேரம். மனைவிக்கு நிறைமாதம். கும்பகோணத்திலிருந்து அம்மா, இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், பிரசவ லேகியம், கஸ்டம்ஸ்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுப் பயந்து திருப்பிக் கொடுத்த பெருங்காயம் சகிதம் வந்து இறங்கினாள். எங்கள் ஃபிளாட்டில் ஹால், சமையலறை, பெரிய அறை ஒன்று, பால்கனியை ஒட்டிச் சின்ன அறை ஒன்று. சின்னதை அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தேன்.

ஜனவரி முதல் வாரம் குழந்தை பிறந்தது. பெண். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வெளியே மைனஸ் 10. அன்று ராத்திரிதான் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, அத்தை ரூமுக்குள்ள போய்ப் பார்த்தீங்களா? ரெண்டு ஸ்வெட்டரையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டு, சாக்ஸ், மஃப்ளர், குல்லாவோட தூங்கறாங்க. மூக்கு நுனி மட்டும்தான் வெளியில தெரியுது."

போய்க் காலை வைத்தேன். ஹாலில் தரை வெதுவெதுவென்று இருக்கிறது. வாசற்படி தாண்டியதும் மார்கழி மாசத்துக் கோயில் பிராகாரம்.

"ஏம்மா, குளிருதுன்னு சொல்லக் கூடாது?"

"இந்த ஊர்ல குளிரும்னு நீதானடா போன்ல சொன்ன?"

என்ன பதில் சொல்ல? சொன்னேன்தான்.

நான் ஒரு என்ஜினீயர். அதாவது, கம்ப்யூட்டர் தவிர வேறு எதையும் ரிப்பேர் செய்யத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளாத ஜாதி. ஆளைக் கூப்பிடு என்றாள் மனைவி. 'நானே பார்க்கிறேன்' என்றேன். இந்த இரண்டு வார்த்தையால் நாசமான மிக்ஸிகள் எங்கள் வம்சத்தில் ஏராளம்.

முதல் வைத்தியம், சுவரில் இருக்கும் கன்ட்ரோலரில் டெம்பரேச்சரை ஏற்றுவது. 22-லிருந்து 26-க்கு ஏற்றினேன். ராத்திரி பூரா பாய்லர் உறுமியது. காலையில் ஹால் தோசைக்கல்லாகியிருந்தது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே பச்சைக் குழந்தைக்கு வேர்க்குரு. அம்மா ரூம் மட்டும் அதே பிராகாரம்.

யோசித்தபோது காரணம் விளங்கியது. கன்ட்ரோலர் இருப்பது ஹாலில். அதற்குத் தெரிந்த உலகம் ஹால்தான். பகலில் ஹால் ஜன்னலில் வெயில் அடித்தால் 'ஆஹா, வீடு சூடாகிவிட்டது' என்று பாய்லரையே நிறுத்திவிடும். கோடி அறையில் யார் நடுங்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஏ.ஸி. கேபினில் உட்கார்ந்துகொண்டு 'ஆபீசில் என்ன புழுக்கம், எனக்குத் தெரியலையே' என்று கேட்கும் மானேஜரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரேதான் இது.

அந்தக் கன்ட்ரோலரில் இன்னொரு வழி உண்டு. அறைக் காற்றின் சூட்டைப் பார்க்காமல், ஓடுகிற தண்ணீரின் சூட்டை வைத்து வேலை செய்யச் சொல்லலாம். அப்படி மாற்றினேன். மானேஜருக்கு லீவு கொடுத்தாயிற்று. ஹால் சூடு, பெரிய அறை சூடு, சமையலறை சூடு. சின்ன அறை? ஊஹூம். சரி, பழி மானேஜர் மேல் இல்லை.

இரண்டாவது சந்தேகம், மெத்தை. அம்மாவுக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று ஒரு அடி உயர மெத்தை வாங்கிப் போட்டிருந்தேன். தரைச் சூடு மேலே ஏறி வர வேண்டியது. வழியில் கனமான மெத்தையோ கம்பளமோ கிடந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அறை காயாது. மெத்தையைத் தூக்கி நிறுத்தி, அடியில் கையை வைத்தேன். மெத்தை குற்றவாளி என்றால் அதன் அடியில் அனலாக இருக்க வேண்டும். ஐஸ்! மெத்தை நிரபராதி. விடுதலை.

மூன்றாவதாக, சிங்க்குக்கு அடியில் புகுந்தேன். அரிசி மூட்டை, கிம்ச்சி டப்பா இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது ஒண்டோலின் ஜங்ஷன். பித்தளையில் இரண்டு தண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் தண்டிலிருந்து நாலு குழாய்கள் நாலு இடத்துக்கும் வெந்நீர் கொண்டு போகின்றன. நாலும் சுற்றிவிட்டுக் கீழ்த் தண்டுக்குத் திரும்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. கைப்பிடி குழாயோடு ஒரே வாட்டமாக இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

மேல் வரிசையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு, சூடு, சூடு, சூடு. நாலு கைப்பிடியும் நேராக இருந்தன. 'தண்ணி போகுது, அப்ப காத்து அடைச்சிருக்கு' என்று மனைவிக்குத் தீர்ப்பு வாசித்தேன். இது நடக்கக்கூடியதுதான். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து மேட்டில் உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் அதைத் தாண்டாது. ஹாலில் அவ்வப்போது 'களக் களக்' என்று சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது. பாய்லரை அணைத்து, ஆறவிட்டு (ஆறவிடாமல் திறந்தால் கை வெந்துவிடும்), தண்டின் கோடியில் உள்ள சின்னத் திருகை ஒரு பக்கெட்டில் விட்டுத் திறந்தேன். 'புஸ்ஸ்' என்று காற்று. அப்புறம் துப்பித் துப்பித் தண்ணீர். அப்புறம் சீராகத் தண்ணீர். மூடினேன். களக் சத்தம் நின்றது. நெஞ்சு நிமிர்ந்தது.

பத்து நிமிஷம் கழித்து அம்மா ரூம் தரையைத் தொட்டேன். ஐஸ்.

இங்கே ஒரு பாடம். தரைக்குள் குழாயைச் சுற்றி இருப்பது கனமான சிமென்ட். சூடேறவே மூன்று நாலு மணி நேரமாகும். எதையாவது திருகிவிட்டுப் பத்து நிமிஷத்தில் 'பலிக்கலை' என்று அடுத்ததைத் திருகினால், எது பலித்தது, எது கெடுத்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு, அப்புறம் பொறுமை. நான் இரண்டையும் கடைப்பிடிக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தாலும் ஐஸ்தான் என்பது வேறு விஷயம்.

அம்மா இதற்குள் சமரசத்துக்கு வந்துவிட்டாள். "எனக்கு இதுவே போதும்டா. குழந்தைக்குச் சூடு இருக்கில்ல, அது போதும். நீ ஆபீஸ் போ." போர்வைக்குள்ளிருந்து இரண்டு இருமல்.

அந்த இருமலைக் கேட்டதும் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், போனை எடுத்தேன்.

வந்தவருக்கு அறுபது வயசிருக்கும். அங்கே இந்த வயசுக்காரர்களை 'அஜோஷி' என்பார்கள். மாமா, அண்ணாச்சி மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் கன்ட்ரோலரைப் பார்க்கவில்லை. பாய்லரைப் பார்க்கவில்லை. சாக்ஸ் காலோடு வீடு முழுக்க ஒரு நடை நடந்தார். சின்ன அறையில் நின்றார். உள்ளங்கையைத் தரையில் வைத்தார். நேராக சிங்க்குக்கு அடியில் போனார். அரிசி மூட்டையை நகர்த்தினார். மேல் வரிசையைத் தொடவே இல்லை. கீழ் வரிசையில் விரலை ஓட்டினார்.

சூடு, சூடு, சூடு... நாலாவதில் விரல் நின்றது.

என் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தார். ஃப்ரிட்ஜில் வைத்த பால் பாக்கெட் மாதிரி ஜில்லிட்டது. அரிசி மூட்டை மறைத்திருந்த இடத்தில், நாலாவது கைப்பிடி குறுக்கே நின்றது.

போன் வழியாக மொழிபெயர்த்துச் சொன்னார். மேலே சூடு என்றால் ஒன்றும் அர்த்தமில்லை. சூடான பித்தளைத் தண்டை ஒட்டி இருக்கிறது, சுடத்தானே செய்யும்? (காபியில் கிடக்கும் ஸ்பூனின் காம்பு சுடுகிறதே, அதற்குள் காபியா ஓடுகிறது?) தண்ணீர் ஓடுகிறதா என்பது திரும்பி வரும் குழாயில்தான் தெரியும். போவதைத் தொடாதே, வருவதைத் தொடு.

"இதை யார் மூடினது?"

அந்தக் கணத்தில் எனக்கு நவம்பர் மாசம் ஞாபகம் வந்தது. ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர் ஒரு சிக்கன யோசனை சொல்லியிருந்தார். 'யாரும் இல்லாத ரூமை எதுக்கு சூடாக்கறே? அந்த லைனை மூடிடு, கேஸ் பில் குறையும்.' இரண்டு வரிசையிலும் சின்ன அறையின் திருகை மூடியவன் நானேதான். (இதுவும் அவ்வளவு நல்ல யோசனை அல்ல. கடுங்குளிரில் ஓடாத தண்ணீர் குழாய்க்குள் உறைந்து போகலாம். சுவர் பூசணம் பிடிக்கும். மூடுவதற்குப் பதில் கொஞ்சமாகத் திறந்து வைப்பதே உத்தமம்.) அம்மா வருகிறாள் என்றதும் ஏர்போர்ட் போகிற அவசரத்தில் மேல் திருகைத் திறந்தேன். கீழ்த் திருகை மறந்தேன்.

"நான்தான்" என்றேன்.

"அந்த ரூமில் யார் தூங்குறது?"

போனில் டைப் அடிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது: "அம்மா."

அஜோஷிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கொரிய மொழியிலும் ஏறக்குறைய அதே சத்தம்தான், அப்பாவும் அப்பாதான். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கைப்பிடியைத் திருகி நேராக்கினார்.

அத்தோடு கிளம்பிவிடவில்லை. ஹாலில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் காத்திருந்தார். மறுபடி கீழ் வரிசையைத் தொட்டார். நாலாவது குழாய் வெதுவெதுப்புத்தான். மற்றவை நல்ல சூடு. தலையை ஆட்டிவிட்டு ஹாலின் திருகைப் பாதி மூடினார். சமையலறையுடையதையும் கொஞ்சம் குறைத்தார்.

இது கல்யாணப் பந்தி கணக்கு. பாயச வாளி சமையல்கட்டிலிருந்து புறப்படுகிறது. முதல் வரிசைக்காரர்கள் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று வாங்கிக் குடித்தால் கடைசி இலைக்கு வாளியின் அடியைச் சுரண்டும் சத்தம்தான் கிடைக்கும். தண்ணீரும் சுலபமான பாதையைத்தான் பார்க்கும். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற, குழாய் நீளம் குறைந்த இடம் வாரிக் குடித்துவிடும். நீளமான குழாயும், வெளிச்சுவரை ஒட்டிய குளிரும் உள்ள கோடி அறை காயும். கடைசி இலைக்குப் பாயசம் வேண்டுமென்றால் பாய்லரை இன்னும் எரிக்கக் கூடாது. முதல் வரிசையின் கரண்டியைச் சின்னதாக்க வேண்டும். நாலு திரும்பும் குழாய்களும் கைக்கு ஏறக்குறைய ஒரே சூடாக வரும்வரை, நாளைக்கு ஒரு தடவை, கொஞ்சமே கொஞ்சம். அதுதான் வைத்தியம்.

போகிற வழியில் தண்ணீர் திரும்பும் பாதையில் இருந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். பழைய வீடுகளில் துருவும் சகதியும் அடைத்துக்கொண்டும் இதே தகராறு வருமாம். எங்களுடையது சுத்தமாகத்தான் இருந்தது. அசுத்தம் எல்லாம் என் ஞாபகசக்தியில்.

கிளம்பும்போது வாசலில் நின்று போனில் நிறையப் பேசினார். பழைய ஒண்டோல் அறையில் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அடுப்பை ஒட்டிய பக்கம் நன்றாகச் சுடும். அதற்கு 'அரென்மோக்' என்று பெயர். புகைபோக்கிப் பக்கம் குளிரும். அதற்காக யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. அரென்மோக்கில் தாத்தா பாட்டி. விருந்தாளி வந்தால் அவர்கள். வேலைக்குப் போன அப்பா வர லேட்டானால் சோற்றுக் கிண்ணத்தை மூடி, அங்கே போர்வைக்கு அடியில் வைப்பார்கள். குளிர்ந்த கோடி இளவட்டங்களுக்கு. அப்புறம் நிலக்கரி வில்லைகளை எரித்த காலம் வந்தது. தரையில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே கசிந்து, ராத்திரி தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்காத குடும்பங்கள் அநேகம். வெந்நீர்க் குழாய் வந்துதான் அந்த பயம் தீர்ந்தது. சூடும் வீடு பூராவும் சமமாயிற்று.

கடைசியாகப் போன் தன் இயந்திரக் குரலில் சொன்னது: "இப்போது எல்லா இடமும் ஒன்று. ஆகவே வயதானவர் எங்கே தூங்குகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை."

வருகைக் கட்டணம் 30,000 வோன் வாங்கிக்கொண்டு, ரசீது கொடுத்துவிட்டுத்தான் போனார். உபதேசம் இலவசம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவின் அறைக்குப் போனேன். மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வெறும் தரையில் ஒரு பெட்ஷீட்டை விரித்துப் படுத்திருந்தாள். ஒரே ஒரு ஸ்வெட்டர். குல்லா கழன்று கிடந்தது. உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சித்திரை மாசம் ராத்திரி நம்ம மொட்டை மாடி இப்படித்தாண்டா இருக்கும். பகல் பூரா வெயில் குடிச்சுட்டு."

"ஏம்மா, பதினஞ்சு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ தினம் கேட்ட, 'நல்லா இருக்கியாம்மா'ன்னு. நல்லா இருக்கேன்னு சொன்னேன். ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே கேட்டா வேற என்னடா சொல்றது?"

நீங்கள் கேட்கலாம். மே மாசம் வேகிற சென்னையில் இருப்பவனுக்குத் தரையைச் சூடாக்கும் சாஸ்திரம் எதற்கு? இருக்கிறது ஸ்வாமி. உங்கள் அபார்ட்மென்ட்டில் ஓவர்ஹெட் டாங்கிலிருந்து ஒரே குழாய் பல பாத்ரூமுக்குப் பிரிகிறதா? கீழ் ஃபிளாட்டில் அருவி கொட்டும்போது உங்கள் ஷவர் அழுகிறதா? அதே பந்தி, அதே பாயசம். பெரிய மோட்டார் போடுவதற்கு முன்னால் முதல் வரிசையின் திருகைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது நான் சென்னையில், அம்மா கும்பகோணத்தில். மாசா மாசம் முதல் தேதி பணம் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போய்விடுகிறது. மேல் வரிசையைத் தொட்டால் நாலும் சூடாகத்தான் இருக்கும். அதனால் இப்போதெல்லாம் 'நல்லா இருக்கியா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். என்ன சமையல், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே, மாடிப்படி எத்தனை தடவை ஏறினே என்று குடைகிறேன். "என்னடா, போலீஸ்காரன் மாதிரி?" என்று சலித்துக்கொள்கிறாள். கேட்டுக்கொண்டே இருந்தால் நாலாவது குழாய் எங்காவது தட்டுப்படும்.

போன ஞாயிறு தட்டுப்பட்டது. அவள் அறை ஃபேனின் ரெகுலேட்டர் மூன்று மாசமாக ஒன்றாம் நம்பரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.

"அதான் காத்து வருதே, போதும்டா" என்றாள்.

எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன். 'நானே வந்து பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லவில்லை.